மாட்டுப் பொங்கலன்று பூட்டிய வண்டி

வெகுதானிய வருஷம், மார்கழி 26
அன்னவாசல் முழுக்கப் பனி. எதிர் வீடு தெரியவில்லை. அவருக்கு வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, அரிசி புடைக்க வேண்டும். கீரனூரிலிருந்து கடலை மூட்டை என்ற பெயரில் அபின் வந்து பரணில் ஏறியிருக்கிறது. கசந்த வாசனை. வீடே அரைத்தூக்கத்தில் மிதக்கிறது, எனக்கும் கண் சொருகல்.

ஒற்றை வண்டியில் தொடங்கினார். இப்போது ஏழு வண்டி, ஜெகதாப்பட்டினத்தில் தோணி, இலங்கையில் ஆள். காரை வீடு, கிராமபோன், எனக்கு வைரத்தோடு. தோடு பிடிக்கத்தான் செய்கிறது, பொய் எதற்கு?

மார்கழி 28
இலங்கை ஆள் பிடிபட்டானாம். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் ஒரு வண்டி, வண்டிக்கார மாயாண்டி, பரண் சரக்கு.

“இதோட விட்டுருங்களேன்.”

“இதை மட்டும் தோணியில ஏத்திட்டாப் போதும். சும்மா இரு.”

கனவில் தண்ணீரின் மேல் படுத்திருந்தேன். விழித்ததும் புடவையைத் தொட்டுப் பார்த்தேன்.

தை 2
மாட்டுப் பொங்கல். இளவெயில். கொம்புக்குச் சிவப்புச் சாயம். மாயாண்டி காளைகளுக்கு மாலை போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். தோணி புதன்கிழமை கிளம்புகிறது என்று தகவல் வந்தது. இன்றே பூட்டினால்தான் சரக்கு ஜெகதாப்பட்டினம் போய்ச் சேரும்.

“இன்னைக்கு நொகத்தடி வைக்க மாட்டேனுங்க. வெட்டிப் போட்டாலும் சரி.”

“ஒனக்குச் சோறு போடுறது யாருடா?”

“மாடுதாங்க.”

எனக்குச் சிரிப்பு. அவருக்கு வரவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் தானே பூட்டி ஓட்டிப் போனார். தெருவே நின்று பார்த்தது. சலங்கைச் சத்தம் வெயிலுக்குள் கரைந்து போயிற்று.

தை 3
பிடித்துவிட்டார்கள். புதுக்கோட்டை தாண்டுவதற்குள். துப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லையாம், ரோட்டில் ஓடிய ஒரே வண்டி அதுதான். இத்தனை வருஷம் எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிய மனுஷனுக்கு இது தோன்றவில்லையே! அழுதேன். பிறகு பசித்தது. பழைய சோறு, ஊறுகாய்.

தை 10
மேகமூட்டம். மாடுகள் ஸ்டேஷனில். மாயாண்டி தினமும் வைக்கோல் சுமந்து போய்ப் போட்டுவிட்டு வருகிறார்.

வக்கீல் வந்தார். “மூட்டை மாயாண்டியோடது, உள்ள என்னன்னு ஐயாவுக்குத் தெரியாதுன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ஐயா வெளியில வந்துருவாரு.” அவரும் அப்படியே சொல்லியனுப்பியிருக்கிறார்.

அவர் இல்லாத வீடு பிடிக்கவில்லை. தூக்கத்தில் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. எனக்கு அவர் வேண்டும்.

தை 14
லேசான தூறல். பஸ்ஸில் புதுக்கோட்டை. வயல், கண்மாய், பனைமரம் எல்லாம் கனவில் நகர்வதாகவே இருந்தது. மாயாண்டி துணைக்கு வந்தார், எதுவும் தெரியாமல்.

கூண்டில் அவர். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், சொல் என்று.

“மூட்டை யாருடையதம்மா?”

“எங்க வீட்டுக்காரவுகளுதுங்க.”

அப்புறம் அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

வெளியே மரத்தடியில் மாயாண்டி நனைந்துகொண்டு நின்றார். “ஐயா வாராகளா?”

“வரலை மாயாண்டி. நான்தான் வரவிடலை.”