ஒன்பதாம் கட்டிலில் நாடா இல்லை

ஜூலை 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சட்டை காயவில்லை. ஆண்கள் சர்ஜரி வார்டில் இன்று முதல் புதுத் தாள். போன மாதம் ஒரு நோயாளி ஆயாவை அடித்த பிறகு சீஃப் டாக்டர் என் தலையில் கட்டிய வேலை. அட்மிஷனில் நான் கேட்டு எழுத ஆறு கேள்வி. அடிதடி உண்டா, தினமும் குடிப்பதுண்டா, இப்படி. ஒரு 'ஆம்' வந்தாலும் கட்டில் கம்பியில் சிவப்பு நாடா. நர்ஸ் அங்கே தனியாகப் போகக் கூடாது.

செல்வி சிஸ்டர்: "நாடா கட்டுனா அடி உழுகாதுங்களா டாக்டர்?"

13, புதன்

சோப்பு, பிளேடு வாங்க வேண்டும். மறுபடி மறந்தேன்.

கட்டில் 4: கருமத்தம்பட்டி தறிக்காரர். வந்ததிலிருந்து கத்தல். நாடா.

கட்டில் 9: காரமடைப் பக்கம் தோட்டத்துக்காரர். குடலிறக்கம். வெள்ளை வேட்டி, திருநீறு. "ஏனுங்க டாக்டர், சாப்டீங்களா? மொகமே வாடிக் கெடக்குதுங்க." நான் இங்கே சேர்ந்ததிலிருந்து யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் மருமகள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. அவள் எதிரில் இவரிடம் குடிப்பீர்களா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆறுக்கும் 'இல்லை' எழுதினேன்.

15, வெள்ளி

நேற்று ஒன்பதாம் கட்டில்காரருக்கு ஆபரேஷன். இன்று மாலை நாலு மணி. கை நடுங்கி, வேர்த்து, சுவரில் பாம்பு என்று கத்தி எழுந்திருக்கிறார். ஊசி போடப் போன செல்வி சிஸ்டருக்கு சலைன் ஸ்டாண்டால் அடி. மணிக்கட்டு முறிவு. ஓடிப் பிடித்தது தறிக்காரர்.

குடி திடீரென்று நின்றால் வரும் பிதற்றல். பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும் எனக்கு.

வராந்தாவில் அவர் மனைவி: "தெனமும் குடிப்பாருங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிப்போட்டிருப்பனுங்க."

டீ மூன்று.

16, சனி

சீஃப் ஒன்பதாம் கட்டில் தாளைப் பார்த்தார். "ஆறுக்கும் 'இல்லை'ன்னு இருக்கு, இருந்தும் அடிச்சிருக்காரு. அப்புறம் எதுக்குய்யா இந்தத் தாளு? நிறுத்திரு." தலையாட்டினேன். வெளியே வந்தேன். படிவரை போய், திரும்பி அவரிடமே வந்தேன்.

"அவர்கிட்ட கேக்கவே இல்ல சார். நானா 'இல்லை'ன்னு எழுதிட்டேன்."

பேனாவை மூடினார். "தாள் இருக்கட்டும். இத செல்விகிட்டச் சொல்லு."

செல்வி சிஸ்டர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நாடா இல்லீன்னுதானுங்க தனியாப் போனேன்."



மதியம் கட்டில் 12. ரிடையர்டு வாத்தியார். எழுந்து கும்பிட்டார். மகள் பக்கத்தில்.

"அய்யா, தினமும் குடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

மகள் சட்டென்று என்னைப் பார்த்தாள். வாத்தியார் ஃபேனைப் பார்த்தார். பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.