விழாத டிரிப் சுவிட்ச்

ஐப்பசி, செவ்வாய் இரவு

அடைமழையில் சுவரெல்லாம் ஊறிக் கிடக்கிறது. மோட்டார் போட்டாலே, ஷாக் அடிக்காமல் காக்கிற அந்த டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று காலையிலிருந்து அத்தை ஒரே சத்தம். கடைசியில் கொழுந்தன் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேராகக் கொடுத்துவிட்டான்.

"இனி விழவே விழாது மதினி," என்றான். அத்தைக்கு வாயெல்லாம் பல். கரண்டு எங்கே கசியுது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வாளி வைத்துக் குழாயைத் திறந்தேன். விரலில் சுருக்கென்று அடித்தது. அத்தையிடம் சொன்னேன். "ஈரக்கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும்," என்றாள். ஈரக்கை இல்லாமல் குழாயை யார் தொடுவார்கள்?

விடிந்ததும் பல் தேய்க்க அந்தக் குழாயில் முதலில் கைவைப்பது என் மகள்தான்.

படுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பைய எழுந்துபோய் மெயினை இறக்கிவிட்டேன். ஃபேன் நின்றதும் அத்தை முழித்துவிட்டாள்.

"ஏளா, கரண்டு போயிட்டா?"

"ஊருக்கே போயிட்டு அத்தை."

செல்போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். எதிர்வீட்டு வாசல் லைட் பளிச்சென்று எரிகிறது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்கணும்.