செல்வியின் மாலைக்கண்ணும் உன் நேர்த்திக்கடனும்

என் ஆசை அக்காவுக்கு,

உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பதில் பேச நீ இல்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சு. கடைத்தெருவில் சும்மா நிற்பவர்கள்கூட அரசாங்கம் நடத்துகிறார்கள். இங்கே காஜா பெராங்கில் எனக்கு உன் மகள் செல்வியின் கண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை.

அவளுக்கு அம்மை கண்டபோது, திருவிழா முடியும்வரை பிள்ளைக்குக் கவுச்சி கொடுக்கமாட்டேன் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாய். அம்மை இறங்கியது. பிறகு காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் வாக்கை அத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார். உன்னிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அதுதானே? கஞ்சியும் டின் பாலும்தான் சாப்பாடு என்றாகிவிட்டது.

சென்ற வாரம் பொழுது சாயும் நேரத்தில், செல்வி முன்னால் வைத்த தட்டைத் தடவித் தேடினாள். கம்போங் செட்டியிலிருந்து நம்மைப் பார்க்க வந்திருந்த மீனா அக்கா பார்த்துவிட்டு, "ரபுன் ஆயாம்லா," என்றார் மலாயில். கோழிக்கு அந்தியில் கண் தெரியாதே, அதைச் சொன்னார். நம் மாலைக்கண்தான்.

கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் மிஸி இமையை விரித்துப் பார்த்தார்.

"உடம்புல வைட்டமின் ஏ இல்லம்மா. இருந்ததையும் அம்மை கொண்டு போயிருச்சி. நீங்க குடுக்கிற டின் பால்ல கொழுப்ப எடுத்துட்டாங்க, வெறும் சீனிதான். கண்ணு காஞ்சி கெடக்கு. இப்படியே விட்டா கருவிழி புண்ணாயிரும், அப்புறம் பகல்லயும் தெரியாது. இந்த மீன் எண்ணெய இன்னைக்கே குடுங்க."

"கீரை, பப்பாளி குடுத்தா போதாதா மிஸி?"

"அதையும் குடுங்க. ஆனா அது மெதுவாத்தான் வேல செய்யும்."

மீன் எண்ணெய், அக்கா. பாட்டிலைப் பார்த்ததும் அத்தான், "அவ சாமிகிட்ட குடுத்த வாக்கு. நான் எப்படி மீறுவேன்?" என்று எழுந்து போய்விட்டார். திட்டவும் மனம் வரவில்லை. நானே ஊட்டினேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? கனவிலாவது வந்து சொல்லியிருக்கலாமே.

அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. அந்தி வந்தாலே அவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். விரலை நீட்டிக் காட்டுகிறேன், நாற்காலியை நகர்த்தி வைக்கிறேன், பிள்ளையைச் சோதித்தே சலிக்க வைத்துவிட்டேன்.

இன்று அந்தி இருட்டில், விளக்கேற்றுவதற்கு முன், செல்வி உன் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சின்னம்மா, அம்மா பூ வாடிப்போச்சி. வேற வைங்க."

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "எண்ணெ குடுத்தாச்சா?" என்றார்.

உன் வாக்கு வீணாகாது, அக்கா. பிள்ளைக்குப் பதிலாக, திருவிழா முடியும்வரை கவுச்சியை நான் தொடமாட்டேன். பால்குடமும் நானே எடுக்கிறேன். செல்வி எனக்கு முன்னால், வழியைப் பார்த்து நடந்து வருவாள்.

அவளுக்குச் சின்னம்மாவான
உன் தங்கை