கதவு திறந்த பிறகு

ஜூன் 12, வியாழன்

ஜாசின் பாசாரில் காய்கறி வாங்கப் போனபோது இன்று பக்கத்து வீட்டு சரசு ஆண்ட்டியைப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு போன மகனோடு மூன்று வருடமாகப் பேச்சில்லாதவர். பிஸ்கட் கம்பெனிக்காக நான் எழுதிய குறும்படத்தைப் பேஸ்புக்கில் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் செய்தாராம். சனிக்கிழமை வருகிறான்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. "அது விளம்பரம், ஆண்ட்டி" என்றேன்.

"தெரியும்லா. எந்த வீட்டுல பிஸ்கட் டின்ன பேரு தெரியிற மாதிரி திருப்பி வெப்பாங்க?" என்று சிரித்தார். பிறகு கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "படத்துல மகன் வந்து கதவத் தட்டுறான். அந்தம்மா தெறக்குது. அதோட முடிஞ்சிருச்சு. மொதல்ல என்ன பேசுச்சு தம்பி? நீதான எழுதுன."

அந்தப் பேச்சை நான் எழுதவில்லை. கதவு திறந்ததும் மகன் கையில் டின் தெரிய வேண்டும், அதோடு நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன்.

"நாளைக்குச் சொல்றேன் ஆண்ட்டி" என்று வந்துவிட்டேன்.

இப்போது எழுதிப் பார்க்கிறேன். மகன் கையிலிருந்து டின்னை எடுத்துவிட்டேன். வாசலில் இருவரும் நிற்கிறார்கள். நான்கு முறை எழுதி அடித்தாயிற்று. எல்லாமே விளம்பரத்து அம்மா பேசுவது போலவே இருக்கிறது. சரசு ஆண்ட்டி அப்படிப் பேசுகிறவர் இல்லை.

நாளை போய், எனக்கும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.