பின்பக்க இடது ஸ்பீக்கர்

மச்சான்,

நேற்று டூல் பையைக் கவிழ்த்துத் துடைத்தபோது அந்த ஒயர்த் துண்டு கீழே விழுந்தது. சிவப்பும் கறுப்பும் ஒட்டிய ஸ்பீக்கர் ஒயர், ஒரு முழம் இருக்கும். அதன் மேல் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. முகர்ந்தால் அந்தக் காக்ஸ் டவுன் வீட்டு வாசனை வருகிறது. தூக்கிப் போட எத்தனையோ தடவை நினைத்தேன், கை வரவில்லை.

தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலிலிருந்து என் தங்கையோடும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் பெங்களூரு விவேக் நகருக்கு வந்து இறங்கினாய். ஐ.டி. சம்பளக்காரர்கள் வீட்டுக்கு வீடு ஹோம் தியேட்டர் வாங்கிய காலம் அது. ஐந்து ஸ்பீக்கர், தரை அதிரும் அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். அதை மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உன்னையும் சேர்த்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டாய். சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்து, "மச்சான், வலது பக்கம் ஒரு அடி முன்னால வந்துட்டுது, பின்னால தள்ளு" என்பாய். தள்ளினால் சரியாக இருக்கும். எனக்குப் பெருமையும் வந்தது, எரிச்சலும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, எரிச்சல்தான் கூட.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுவரையும் கூரையையும் தட்டிப் பார்ப்பாய். பூமிக்கடியில் ஷிப்டு தொடங்கும் முன் இரும்புக் கம்பியால் மேலே பாறையைத் தட்டிக் கேட்பீர்களாம். "கணீர்னா வேலை. பொத்துனு கேட்டா வெளிய வந்துடணும். தட்டாம உள்ள போனவன் வூட்டுக்கு வர்ல" என்றாய் ஒருமுறை, சிரிக்காமல். சப்வூஃபர் அதிரும்போதெல்லாம் உன் கண் தானாக மேலே போகும், கால் வாசற்படிப் பக்கம் ஒரு எட்டு நகரும். பாறை வெடித்ததில் ஒருமுறை தப்பியவன் நீ. அது தெரிந்தும் நான் சிரிப்பேன்.

காக்ஸ் டவுன் வீடு வெள்ளைக்காரன் காலத்தது. மேலே மரச்சட்டமும் செங்கல்லும், அடியில் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு மூலையில் மழைத்தண்ணீர் இறங்கிப் பழுப்பாய்க் கறை. பின்பக்க இடது ஸ்பீக்கர் அந்த மூலையில்தான் வர வேண்டும். நீ ஏணியில் ஏறித் தட்டினாய். மறுபடியும் தட்டினாய். இறங்கி வந்து என் காதோரம், "இங்க வாணாம் மச்சான். ஸ்டாண்டு வெச்சிக்கலாம்" என்றாய்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அதிகாரி. "ஸ்டாண்டெல்லாம் நாய் தள்ளிடும்பா. மேலயே மாட்டுங்க. சாயந்தரம் கெஸ்ட் வராங்க" என்றார்.

"இது பெங்களூரு மச்சான், உன் சுரங்கம் இல்ல" என்றேன். அவர் சிரித்தார். நீ டிரில்லை எடுத்தாய். துளையிடும்போது சுண்ணாம்பு ஈர மாவு மாதிரி உதிர்ந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒயர்களை மாட்டியவன் நான். பாட்டுப் போட்டோம். நீ கேட்டுவிட்டு, "பின்னால இடது ஒட்டாம கேக்குது. சிவப்பு கறுப்பு மாறியிருக்கு" என்றாய். சாதாரணத் தப்பு. ஒயரின் எந்த முனையில் மாற்றினாலும் சரியாகிவிடும். ஆம்ப்ளிஃபயர் முனை என் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதை அலமாரிக்குள் தள்ளி முடித்திருந்தேன், மறுபடி இழுக்கச் சோம்பல். தப்பு என்னுடையது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்ற வீம்பு வேறு. "மேல ஏறி ஸ்பீக்கர்ல மாத்திடு" என்றேன்.

நீ கூரையைப் பார்த்தபடியே ஏறினாய். "சவுண்டை நிறுத்தினியா?" என்று கேட்டாய். நிறுத்தியிருந்தேன். "மாத்திட்டேன்" என்றாய். நீ இறங்கும்வரை நான் பொறுக்கவில்லை, பாட்டைப் போட்டுவிட்டேன். சப்வூஃபர் ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. அந்த மூலை அப்படியே உன் மேல் வந்தது.

உன்னை வெளியே எடுத்தபோது உன் கை அந்த ஒயரைப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரரின் பிடிவாதம், பழைய கூரை, தலைவிதி என்று தங்கையிடம் சொன்னேன். எதுவும் பொய் இல்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. வியாழன் தவறாமல் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய் உனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாள், நான் துணைக்குப் போகிறேன். போன வியாழக்கிழமை கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணா, ஒயர் மாத்தத்தான் ஏறினாருன்னு சொன்னியே. அவரு ஒயரைத் தப்பா மாட்டறவரு இல்லியே" என்றாள். ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று நான் ரோட்டுக்கு ஓடிவிட்டேன்.

இப்போது நான் கூரையைத் தட்டிப் பார்க்காமல் எங்கும் துளை போடுவதில்லை. வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது ஒன்றுதான், அதையும் காலம் தாழ்த்தித்தான் எடுத்துக்கொண்டேன்.

வருகிற வியாழக்கிழமை இந்த ஒயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். மாற்றி மாட்டியவன் நான், உன்னை ஏறச் சொன்னவனும் நான், நீ இறங்கும் முன் பாட்டைப் போட்டவனும் நான் என்று அவளிடம் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா, தெரியாது. பயமாக இருக்கிறது மச்சான். அந்த ஏணியில் ஏறும்போது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனாலும் நான் சொன்னேன் என்று ஏறினாய்.