ஏச்சு வாங்கப் போகும் வீடு

மண்டி மொஹல்லாவில் ஒரு வீட்டு வாசலில் இன்று மாலை கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கோர்ட்டில் நான் தடை உத்தரவு வாங்கிய கல்யாணம். சந்து முழுக்கப் பச்சைத் தென்னங்கீற்று வாசனை. உன் நினைவு வந்துவிட்டது. நீயும் நானும் சேர்ந்து நிறுத்திய முதல் கல்யாண வீட்டிலும் இதே வாசனைதான்.

இன்றைய பெண்ணைப் போலவே அன்றைய பெண்ணுக்கும் பதினாறு வயது. படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அழுதவள். இரண்டு கல்யாணத்திலும் மாப்பிள்ளை பெண்ணின் தாய்மாமன்தான். உத்தரவு கைக்கு வந்ததும், விஜயநகரில் என் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று நான் கிளம்பினேன். நீ என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டாய்.

“தடைய வாங்குனது நாம. ஏச்ச வாங்கறது அந்தப் புள்ள. சும்மா வாடி, நாமளும் போயி கொஞ்சம் வாங்கிட்டு வரலாம்.”

நீ கொள்ளேகால்காரி, அந்த வீட்டாரும் அந்தப் பக்கம். வாசலில் நின்று, “ஏனுங்கக்கா, நல்லா இருக்கீங்களா?” என்று நீ கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிற கேள்வியா அது? பெண்ணின் அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். நான் சட்டம் பேச வாயைத் திறந்தேன், நீ என் காலை மிதித்தாய். கோபமெல்லாம் நம்மேல் கொட்டித் தீரட்டும், மகளுக்கு மிச்சம் இருக்க வேண்டாம் என்பது உன் எண்ணம். திரும்பும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை உனக்கு. “எம்பட ஆத்தாகூட என்னைய இப்படி வஞ்சதில்லடி.”

நீ போன பிறகு இந்த வீடுகளுக்குத் தனியாகத்தான் போகிறேன். சலித்துவிட்டது. பிள்ளைகளின் உரிமையைப் பற்றி மேடையில் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். உத்தரவு வந்த அன்று சாயந்திரம் அந்த வீட்டுக்குப் போகத்தான் யாருமில்லை. இன்றும் உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் போய் நின்றேன்.

பெண் அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தாள். காலையிலிருந்து அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் சாப்பிடவில்லை. என்னைக் கண்டதும் அம்மா எழுந்தார்.

“ஏனுங்க வக்கீலம்மா, என் தம்பி மூஞ்சில இனி நான் எப்படிங்க முழிக்கறது? நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?”

தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அழுது, திட்டி, தொண்டை கட்டி, ஒருவழியாக ஓய்ந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“போயி சோத்தப் போட்டுத் தின்னு. நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா?”

அவள் தட்டை எடுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழுந்தேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு. அடுத்த வாரம் நஞ்சன்கூடு பக்கம் இன்னொரு பெண்ணுக்கு உத்தரவு வந்துவிடும். அந்த வீட்டுக்கும் நான்தான் போகவேண்டும்.