முதுகு ஊசி வேண்டாம் என்றது யார்?

சூப் பிளாஸ்கில் இருக்கிறது. யூரின் பை முக்கால்வாசி நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள்.

நேற்று உங்களுக்கு மருந்து வாங்கப் போனபோது மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தேன். "முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வெச்சா, ஆபரேஷன் முடிஞ்சதும் யூரின் டியூப் எரிச்சல் அவ்வளவா தெரியாதுன்னு சொன்னேம்மா. உங்க வீட்டுக்காரர்தான் முழு மயக்கம் வேணும்னு அடம் பிடிச்சார்" என்றார்.

என்னிடம் "டாக்டர் முடிவு" என்றீர்களே? டியூபைப் பிடுங்கச் சொல்லி நீங்கள் கத்தியபோது நான் அவரைத்தானே திட்டினேன்.

அடுத்த மாதம் மறுபடி ஆபரேஷன். கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

கேட்க மறந்தேன்: விழித்திருந்தால், சிறுநீர்ப்பைக் கட்டியைப் பற்றி டாக்டர்கள் பேசுவது காதில் விழும் என்றா பயந்தீர்கள்? என்னிடம் சொல்லியிருக்கலாம். காதில் பஞ்சு வைக்கச் சொல்லியிருப்பேன்.